தோல் புற்றுநோய்க்கு நஞ்சு: தேனீயா, சிலந்தியா, தேளா?

மெலனோமா (நிறமிச் செல்லில் தோன்றும் தோல் புற்றுநோய்) செல்லை ஆய்வகத் தட்டில் வைத்துக் கொல்வது பெரிய காரியமில்லை. சோப்புத் தண்ணீரே கொன்றுவிடும். பக்கத்திலுள்ள நல்ல செல் பிழைக்கிறதா என்று பாருங்கள்.

அதிகம் பேசப்படுவது தேனீ நஞ்சின் மெலிட்டின். உலர்ந்த நஞ்சில் ஏறக்குறைய பாதி எடை இதுதான். 26 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்டைடு, அதாவது சிறு புரதத் துண்டு. செல்சவ்வில் ஓட்டை போடும், ஆனால் எவருடைய சவ்வு என்று பார்க்காது. புற்றுச் செல்லைக் கொல்லும் சில மைக்ரோமோலார் அளவிலேயே இரத்தச் சிவப்பணுவும் உடைகிறது. செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தினர் 2009-இல் இதைப் பெர்ஃபுளூரோகார்பன் நானோதுகளில் ஏற்றி எலிக்குச் செலுத்தினார்கள். சிவப்பணு அதிகம் உடையாமலே மெலனோமா கட்டியின் வளர்ச்சி குறைந்தது. மெலிட்டினுக்கு வழி உண்டென்றால் இப்படிப்பட்ட வாகனத்தில்தான். மச்சத்தின் மேல் தேனீயைக் கொட்ட வைப்பது வேண்டவே வேண்டாம்: ஒவ்வாமை அதிர்ச்சி உயிரைப் பறிக்கலாம், வீக்கத்தால் பயாப்சியும் தள்ளிப்போகும்.

சோதனையில் ஏமாறும் இடங்கள் சில. நஞ்சிலிருந்து பிரித்த மெலிட்டினில் அதே நஞ்சின் நொதியான பாஸ்போலிபேஸ் ஏ2 கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் வீரியம் கூடுதலாகத் தெரியும். செயற்கைப் பெப்டைடு பெரும்பாலும் டிரைஃபுளூரோஅசிட்டேட் உப்பாக வரும். அதுவே செல்லைப் பாதிக்கக்கூடும் என்பதால் அசிட்டேட்டாக மாற்றிக்கொள்ள வேண்டும். 10% சீரம் கலந்த ஊடகத்தில் பெப்டைடு புரதங்களோடு ஒட்டிக்கொண்டு வீரியம் இழக்கும். ஆகவே மெலனோமா செல்லும் இயல்பான ஃபைப்ரோபிளாஸ்ட்டும் (தோலின் இணைப்புத் திசுச் செல்) ஒரே தட்டில், ஒரே சீரம் அளவில், ஒரே நேரத்துக்கு இருக்கட்டும். தனியே 2% சிவப்பணுக் கலவை வையுங்கள். முழு உடைவுக்கு ஒப்பாக, செல்சவ்வைக் கரைக்கும் டிரைட்டான் எக்ஸ்-100. சிவப்பணுவில் பாதி உடையும் அளவைப் புற்றுச் செல்லில் பாதி சாகும் அளவால் வகுத்தால், விடை 1-ஐ ஒட்டி வந்தால் அந்தப் பொருளைக் கைவிடலாம்.

சிகிச்சை என்ற வகையில் என் நம்பிக்கை சிலந்திமேல். கோமெசின் என்ற பெப்டைடு முதலில் கிடைத்தது நஞ்சில் அல்ல, பிரேசில் டாரன்டுலா சிலந்தியின் இரத்த அணுக்களில். 18 அமினோ அமிலங்கள், இரண்டு டைசல்ஃபைடு பிணைப்புகள். அதன் உறவுப் பெப்டைடு ஆஸ்திரேலியப் புனல்வலைச் சிலந்தியில் கிடைத்தது. அது மெலனோமா செல்லைத் தாக்குவதை 2018-இல் பிரிஸ்பேன் கியூஐஎம்ஆர் பெர்க்கோஃபர் நிறுவனத்தினர் காட்டினார்கள். பிரேசிலில் 2008-லேயே கோமெசின் களிம்பு எலியின் மெலனோமாவைத் தாமதப்படுத்தியது. மனிதத் தோலில் அப்படியே நடக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது: எலித்தோல் மெல்லியது, நம் தோலின் மேலடுக்கு ஏறக்குறைய 500 டால்டனுக்கு (மூலக்கூறு எடையின் அலகு) மேற்பட்ட மூலக்கூறைச் சுலபத்தில் உள்ளே விடாது, கோமெசினோ 2,200 டால்டனைத் தாண்டும்.

மூன்றில் மனிதரிடம் சோதிக்கும் அளவுக்கு வந்தது தேள்தான், அதுவும் கொல்லும் வேலைக்காக அல்ல. தேள் நஞ்சுப் பெப்டைடான குளோரோடாக்சினின் மாற்றுருவோடு இந்தோசயனின் கிரீன் சாயத்தை இணைத்தது டோசுலெரிஸ்டைடு. நரம்பில் செலுத்தினால் கட்டியில் தங்கி, அண்மை அகச்சிவப்பு ஒளியில் மிளிரும். எதுவரை வெட்டுவது என்று அறுவை மருத்துவருக்கு அடையாளம் கிடைக்கும். மனிதரில் முதல் சோதனை ஆஸ்திரேலியாவில் தோல் புற்றுநோயாளிகளிடமே நடந்தது. அந்த ஒளி திசுவுக்குள் அதிகம் போனால் ஒரு சென்டிமீட்டர் அளவே எட்டும். தோல் கட்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த ஆழம் போதும்.