சத்து காக்கியா, அம்பாட் காக்கியா?

மூன்று வார லீவில் மெல்பர்னிலிருந்து மலேசியாவில் பட்டர்வொர்த் வீட்டுக்கு வந்த முதல் ராத்திரியே தூக்கம் போயிற்று. சன்னலுக்கு வெளியே 'சளப் சளப்' என்று ஓயாத சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால், அம்மாவின் நாய் டைகர் பலாச்சுளை தின்றவன் விரல் சூப்புவதுபோல முன்னங்காலை நக்கிக்கொண்டிருக்கிறான். வெள்ளையாக இருந்த பாதங்கள் நான்கும் துருப்பிடித்த நிறம்.

"அது அவனுக்குப் பழக்கம்டா. போரடிச்சா நக்குவான்" என்றார் அம்மா. தினமும் மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தடவிவிடுகிறாராம். டைகருக்கு அது இன்னொரு பலகாரம்.

மறுநாள் பக்கத்துத் தாமானில், அதாவது குடியிருப்பில், 'கிளினிக் ஹைவான்' (மிருக கிளினிக்) என்று போர்டு போட்ட ஓர் இடத்துக்குக் கூட்டிப் போனோம். கூட்டமில்லை, ஏர்கோன் குளுகுளு, வரவேற்பில் நல்ல சிரிப்பு. உள்ளே போய் வெளியே வர நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. பாதத்தைத் தூக்கிக்கூடப் பார்க்காமல் முதுகில் ஓர் ஊசி. கையில் பெயரெழுதாத பொட்டலத்தில் பத்து மாத்திரை. 120 வெள்ளி (ரிங்கிட்). என்ன ஊசி என்று கேட்டேன். "அரிப்புக்கு" என்று பதில். அது எனக்கும் தெரியும்!

ஐந்து நாள் டைகர் நக்கவே இல்லை. அம்மாவுக்கு அந்த டாக்டர் தெய்வமாகிவிட்டார். ஆறாம் நாள் ராத்திரி மறுபடி 'சளப் சளப்'.

அக்காவுடன் வேலை செய்பவர் பினாங்குத் தீவுப் பக்கம் ஒரு கிளினிக்கைச் சொன்னார். நாயோடு கிராப் கூப்பிட்டு ஓட்டுநரைச் சங்கடப்படுத்துவானேன் என்று அக்காவின் மைவி காரிலேயே பழைய பாலம் ஏறினோம். தீவுக்குப் போகும்போது 5.74 வெள்ளி டோல், திரும்பும்போது இல்லை. அங்கே ஒரு மணி நேரம் காத்திருப்பு, பிளாஸ்டிக் நாற்காலி, சுழலாத மூலைக் காற்றாடி. கிளம்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

டாக்டர் சின்ன வயசுச் சீனப் பெண். ஊசியை எடுக்கவில்லை. அம்மாவைப் பார்த்து மலாயில் கேட்டார்: "ஆண்ட்டி, சத்து காக்கியா, அம்பாட் காக்கியா?" ஒரு காலா, நாலு காலுமா.

"செமுவா" என்றார் அம்மா. எல்லாக் காலும்தான்.

அந்த ஒரு கேள்வியிலேயே பாதி வழி வந்துவிட்டதாம். ஒரே காலை மட்டும் விடாமல் நக்கினால் முள், கண்ணாடித் துண்டு, பிளந்த நகம், விரலிடுக்குக் கட்டி, மூட்டுவலி என்று தேடவேண்டும். நாலு காலும் என்றால் முதலில் சந்தேகப்படுவது ஒவ்வாமையை. அடுத்து, காதைச் சொறிகிறானா? சொறிகிறான். எத்தனை வயதில் தொடங்கியது? இரண்டு. தூசிப் பூச்சி, புல், பூஞ்சை இவற்றால் வரும் தோல் ஒவ்வாமை பெரும்பாலும் மூன்று வயதுக்குள்ளேயே தலைகாட்டிவிடுமாம். மெல்பர்னில் என் பக்கத்து வீட்டு நாய் வசந்த காலத்தில் மட்டும் காலைக் கடிக்கும், குளிர் வந்தால் விட்டுவிடும். பினாங்கில் ஏது குளிர்? வருஷம் முழுக்க ஒரே புழுக்கம்.

பிறகு விரலிடுக்கில் செலோடேப்பை அழுத்தி எடுத்துச் சாயத்தில் முக்கி மைக்ராஸ்கோப்பில் வைத்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். ஊதா நிறத்தில், இடுப்பு சிறுத்த கடலைகள். கச்சாங் பூத்தே பொட்டலத்தைக் கவிழ்த்துக் கொட்டியது மாதிரி! அதுதான் ஈஸ்ட், ஒரு வகைப் பூஞ்சை. நக்க நக்க ஈரம், ஈரத்தில் ஈஸ்ட், ஈஸ்டால் அரிப்பு, அரிப்பால் மறுபடி நக்கல். துரு நிறம் எச்சிலில் இருக்கும் போர்ஃபிரின் என்ற நிறமியால் வருவது, ரத்தமில்லை. முதல் இடத்தில் போட்டது அநேகமாக ஸ்டீராய்டாக இருக்கும் என்றார். எந்தக் காரணத்தால் வந்த அரிப்பையும் அது கொஞ்ச நாள் அமுக்கும், காரணம் அப்படியே கிடக்கும்.

எண்ணெய் வைத்தியத்தை அம்மா பெருமையாகச் சொன்னதும் டாக்டர் சிரித்துவிட்டார். இந்த ஈஸ்டுக்குத் தோலின் எண்ணெய்ப் பசைதான் சாப்பாடே. அம்மாவுக்கு முகம் சுருங்கிப் போயிற்று. பாவமாக இருந்தது.

குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த ஷாம்பூவை வாரம் இருமுறை போட்டு, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவவேண்டும். வெளியே போய்வந்தால் விரலிடுக்கு வரை துடைத்து உலர்த்தவேண்டும். அரிப்புக்கு ஓக்லாசிட்டினிப் மாத்திரை, இது ஸ்டீராய்டு இல்லை. பொட்டலத்தில் பெயரும் அளவும் அச்சடித்த சீட்டு ஒட்டியிருந்தது. மொத்தம் 230 வெள்ளி. அதிகம்தான், ஆனால் ஒவ்வொரு வெள்ளிக்கும் ரசீதில் ஒரு வரி இருந்தது.

கடைசி வேலைதான் குதிரைக் கொம்பு. கோழி ஒத்துக்கொள்ளவில்லையோ என்று கண்டுபிடிக்க, எட்டு வாரம் டைகருக்கு ஒரே ஒரு தீனி. புரதத்தைப் பொடிப்பொடியாக உடைத்த தீனி, உடம்புக்கு அது இன்னதென்று அடையாளம் தெரியாதாம். இரண்டு கிலோப் பை, பத்து கிலோ அரிசி மூட்டையைவிட விலை. வேறு ஒரு வாய்கூடக் கூடாது. ஒரு துண்டு கோழி உள்ளே போனாலும் சோதனை பாழ்.

"எட்டு வாரமா? ரசம் சோறு கூடவா?" என்றார் அம்மா.

"அதுவும்தான்" என்றாள் அக்கா.

நான் பிளேன் ஏறும்போது இரண்டாவது வாரம். விரலிடுக்குச் சிவப்பு குறைந்திருந்தது, பாதத்தில் வீசிய புளித்த வாடையும் போய்விட்டது. நேற்று வீடியோ கால். டைகர் காலைக் கேமரா முன் தூக்கிக் காட்டினார் அம்மா, உரோமம் அடியிலிருந்து வெள்ளையாக முளைத்து வருகிறது. பின்னாலிருந்து அக்காவின் குரல்: "பக்கத்து வீட்டு ஆண்ட்டி கேட்டு வழியா கோழி ரெண்டாங் போட்டுட்டாங்க. இன்னையிலேர்ந்து மறுபடியும் நாள் ஒன்னு."