முட்டையா, நெத்தலியா, பயறா: பிள்ளையின் கோப்பைக்கு எது?

என் தங்கை தன் பதினான்கு மாத மகளுக்குச் சோற்றைக் குழைத்து, சொதி விட்டு ஊட்டினாள். பக்கத்துச் சட்டியில் சூடை மீன் குழம்பு. "முள்ளுக் குத்தும், உறைப்பும் கூட" என்று அதைப் பெரியவர்களுக்கு வைத்துவிட்டாள். யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வீடுகளில் இதே கதைதான்: மச்சம் பெரியவர்களுக்கு, சொதி பிள்ளைக்கு. கிளினிக்கில் அந்தப் பிள்ளையின் நிறை சரியாக இருந்தது. உயரந்தான் வளர்ச்சி அட்டையின் கோட்டுக்குக் கீழே நின்றது.

இந்த வயதில் நிறை 1 கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கிராம் புரதம் போதும். அளவைவிட அதன் தரமே பெரிய சிக்கல். அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம், அதாவது புரதத்தை ஆக்கும் கூறுகளில் ஒன்று, குறைவு. உடல் தானே ஆக்கிக்கொள்ள முடியாத இத்தகைய அமினோ அமிலங்கள் தட்டுப்பட்டால் எலும்பின் நீளவளர்ச்சி மந்தமாகிறது. ஆபிரிக்க நாடான மலாவியில் உயரம் குன்றிய பிள்ளைகளின் இரத்தத்தில் இன்றியமையாத ஒன்பது அமினோ அமிலங்களுமே குறைவாக இருந்ததை 2016 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

முட்டை ஒன்றில் சுமார் 6 கிராம் புரதம், தரத்தில் குறைசொல்ல இடமில்லை, முள்ளும் இல்லை. ஈக்குவடோரில் 6 முதல் 9 மாதக் குழந்தைகளுக்கு ஆறு மாதம் நாளுக்கொரு முட்டை கொடுத்தபோது உயரம் குன்றுதல் 47 சதவீதம் குறைந்ததாக 2017 இல் அறிவித்தார்கள். ஆனால் மலாவியில், பெரிய ஏரியை அண்டிய ஊர்களில், அதே முயற்சி உயரத்தைக் கூட்டவில்லை. அங்கே பிள்ளைகள் ஏற்கெனவே மீன் உண்டார்கள் என்பது ஆய்வாளர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. கடல் சூழ்ந்த நமக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி வேறில்லை.

ஆகவே நெத்தலி. புரதத்தோடு நாகம் (சிங்க்), பி12 உயிர்ச்சத்து, முள்ளோடு அரைத்தால் கல்சியமும் கிடைக்கும். பச்சை நெத்தலியின் தலையைக் கிள்ளி, குடலை எடுத்து, மிளகாய் சேர்க்காமல் அவித்து அம்மியில் மையாக அரைத்தால் முள்ளும் மசிந்துவிடும். விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சோற்றில் குழைக்கலாம். கருவாட்டில் உப்பு மிகுதி. கைக்குழந்தைக்கு அது வேண்டாம்.

பயறும் உளுந்தும் அரிசியில் குறைந்த லைசினை ஈடுசெய்கின்றன, அரிசி அவற்றில் குறைந்த மெதியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலத்தை ஈடுசெய்கிறது. நம் ஆச்சிமாரின் பயற்றங்கஞ்சி வெறும் வழக்கமல்ல. ஆனால் பருப்பு வகையில் பி12 கிடையாது; அதிலுள்ள பைற்றேற்று என்ற பொருள் நாகத்தையும் இரும்பையும் முழுதாக உறிஞ்ச விடாது. ஊறவைத்து முளைகட்டினால் ஓரளவு குறையும். சைவ வீடுகளில் பயற்றோடு தயிரும், விலக்கில்லையென்றால் முட்டையும் சேர வேண்டும். சத்துமாவை மட்டும் நம்பியிருப்பதை நான் ஏற்கமாட்டேன். பால்தேநீரைப் பாலாக எண்ணிக் கொடுப்பதையும் நிறுத்த வேண்டும். தேயிலை இரும்பை உடலில் சேரவிடாமல் தடுக்கும்.

அடிக்கடி வயிற்றோட்டம் வரும் பிள்ளைக்கு எதைக் கொடுத்தாலும் பாதிதான் உடலில் ஒட்டும். கொதித்தாறிய நீரும் கைகழுவலும் முட்டைக்கு முன்னே நிற்கின்றன.

மச்சம் உண்ணும் வீடென்றால் என் தேர்வு காலையில் முட்டை, மதியம் நெத்தலி. விரத நாட்களில் பயறும் தயிரும். தங்கை இப்போது குழம்புக்கு மிளகாய்த்தூள் போடுமுன் நான்கு மீனை வேறாக எடுத்துவைக்கிறாள். அம்மா திண்ணையில் இருந்து, விளக்கு வெளிச்சத்தில், ஒவ்வொரு முள்ளாகப் பிரித்தெடுக்கிறார்.