கெர்லானின் ஷாலிமார்: நூறு வயது வாசனையும் நம்ம ஊர் புழுக்கமும்

கோலாலம்பூர் பேரங்காடிகளில் சென்ட் வாங்கப் போகிறவர்கள் புதிதாக வந்ததையே தேடுகிறார்கள். ஒருமுறை ஷாலிமாரையும் கேட்டுப் பாருங்கள். அதைத் தயாரிக்கும் கெர்லான் நிறுவனம் 1828ல் பாரிசில் தொடங்கியது, 1994ல் எல்விஎம்எச் என்ற பிரெஞ்சு ஆடம்பரப் பொருள் நிறுவனத்தின் கைக்குப் போகும்வரை அந்தக் குடும்பத்தின் சொத்தாகவே இருந்தது, வாசனையைக் கலந்தவர்களும் அந்த வீட்டுப் பிள்ளைகள்தான். 1889ல் எமே கெர்லான் உருவாக்கிய ஜிக்கி என்ற சென்டில், பூ, மூலிகைச் சாறுகளோடு ஆய்வுக்கூடத்தில் தயாரித்த வனிலின், கூமரின் என்ற வாசனைப் பொருள்களும் சேர்ந்தன. இயற்கைச் சரக்குதான் உசத்தி என்று பிடிவாதம் பிடிக்காத அந்தத் துணிச்சல்தான் எனக்கு இவர்களிடம் ரொம்பப் பிடித்த விஷயம்.

ஷாலிமார் 1925ல் வந்தது, ஜாக் கெர்லானின் கைவண்ணம், முகலாயர் தோட்டத்தின் பெயர். அடித்தவுடன் எலுமிச்சை உரித்தது போல பெர்கமாட் என்ற எலுமிச்சை வகைப் பழத்தின் வாசனை தூக்கும், சிலருக்கு அதுவே முகத்தைச் சுளிக்க வைக்கும், ஆனால் அவசரப்படாதீர்கள், அரைமணி நேரம் கழித்து வனிலா மெல்ல எழும்பி, அதன் அடியில் லேசான புகையும் பதனிட்ட தோலும் கலந்த ஒரு வாடை தெரியும் பாருங்கள், அதுதான் ஷாலிமார். நம்ம ஊர் புழுக்கத்தில் வனிலா இன்னும் கனக்கும், அதனால் பகலில் வெளியே போகும்போது அடிக்க வேண்டாம் என்பேன். ஏர்கோன் அலுவலகம், இரவுக் கல்யாண விருந்து, பட்டுச்சேலை என்றால் அருமை. ஒரே ஒரு அடி போதும். விலை அதிகம்தான், சின்னப் பாட்டிலாக வாங்குங்கள். அப்புறம், காகிதத் துண்டில் மோந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள், தோலில் அடித்துக்கொண்டு ஒரு சுற்று நடந்துவிட்டு வாருங்கள்.