கோடு போடும் முன்பா, போட்ட பிறகா? கொங்கு விளைநிலங்களில் குழாயும் மின்பாதையும்

கொங்கு நாட்டுத் தோட்டங்களின் ஊடே எரிவாயுக் குழாயோ உயர்மின் கோபுரமோ வரும்போது மக்களையும் ஒழுங்குமுறை அமைப்புகளையும் எந்தக் கட்டத்தில் அழைப்பது என்பதற்கு மூன்று வழிகள் உள்ளன: பாதையை முடிவுசெய்தபின் அறிவிப்பது, இடத்தைத் தேர்ந்தபின் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துவது, வரைபடத்தில் கோடு விழுமுன்பே பேசுவது.

முதல் வழிக்குச் சட்டம் துணை நிற்கிறது. 1962ஆம் ஆண்டின் குழாய்ப்பாதைச் சட்டப்படி நிலம் விவசாயியின் பெயரிலேயே இருக்கும். பயன்பாட்டு உரிமை மட்டும் எடுக்கப்படும். ஆட்சேபிக்க 21 நாள், உரிமைக்கான இழப்பீடு சந்தை மதிப்பில் 10 விழுக்காடு. குழாய் செல்லும் பட்டையில் கிணறு வெட்டவோ மரம் நடவோ கூடாது என்பதால், தென்னையையும் கிணற்றையும் நம்பிப் பண்ணையம் செய்பவருக்கு அந்த நிலம் பட்டாவில் மட்டுமே மிஞ்சுகிறது. இவ்வழி விரைவானது என்பார்கள். ஆனால் கோவை முதல் கிருஷ்ணகிரி வரை 7 மாவட்டங்களைக் கடக்கத் திட்டமிட்ட, பொதுத்துறை எரிவாயு நிறுவனமான கெயிலின் குழாய்க்கு 2013இல் எதிர்ப்பு எழுந்தது. நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுசெல்லுமாறு மாநில அரசு உத்தரவிட்டது. அவ்வுத்தரவை அதே ஆண்டில் உயர் நீதிமன்றம் ரத்துசெய்ய, 2016இல் உச்ச நீதிமன்றமும் நிறுவனத்தின் பக்கமே நின்றது. முன்கூட்டிப் பேசாமல் மிச்சப்படுத்திய காலம் வழக்கிலேயே கரைந்துபோனது.

இரண்டாவது வழி, 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை தருவது. 30 நாள் முன்னறிவிப்பு, ஆட்சியர் தலைமை, காணொளிப் பதிவு என முறை ஒழுங்காகவே இருக்கிறது. ஆனால் கூட்டத்தில் வைக்கப்படும் வரைவறிக்கை பெரும்பாலும் ஏற்கெனவே தேர்ந்த ஓரிடத்துக்கானது. மேலும் மின்பாதை, காற்றாலை ஆகியவை அந்த அறிவிக்கையின் வரம்புக்குள் வருவதே இல்லை.

நான் மூன்றாவது வழியின் பக்கம் நிற்கிறேன். புகளூர்–திருச்சூர் மின்பாதை கேரளத்துக்குள் ஒரு பகுதி நிலத்தடிக் கம்பிவடமாகச் செல்கிறது. தங்கள் நிலத்திலும் அவ்வாறே வேண்டும் என்றுதான் கொங்கு விவசாயிகள் கேட்டார்கள். புகளூருக்கே மின்சாரம் கொண்டுவரும் 800 கிலோவோல்ட் பாதைக்கு அது தொழில்நுட்பத்தில் மிகக் கடினம். 320 கிலோவோல்ட் கொண்ட திருச்சூர் பாதைக்கு இயலும், செலவுதான் கூடும். மாநிலங்களுக்கிடையிலான பாதையின் கட்டணத்தை நிர்ணயிப்பது மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம். கூடுதல் செலவைக் கட்டணத்தில் ஏற்குமா என்று அதனிடம் தொடக்கத்திலேயே கேட்டுப் பெறாவிட்டால், கிராமத்துக்கு வரும் பொறியாளர் எத்தனை நியாயமான கோரிக்கைக்கும் கையை விரிக்கத்தான் முடியும். ஒழுங்குமுறை அமைப்பு இல்லாமல் மக்களை மட்டும் முன்னதாக அழைப்பது வீண் என்று நான் சொல்வது இதனால்தான். காங்கேயம் பக்கத்தில் கொரங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலத்தின் மதிப்பு வருவாய்ப் பதிவேட்டில் தெரியாது; அதை மாடு மேய்ப்பவர்தான் சொல்ல முடியும். அதைச் சொல்ல வேண்டிய நேரமும் கோடு விழுமுன்தான்.

இதிலும் இடர் உண்டு. பாதை முன்பே தெரிந்தால் தரகர்கள் நிலம் வாங்கிக் குவிப்பார்கள். ஒவ்வோர் ஊரும் அடுத்த ஊரைக் காட்டும். ஆகவே முதல் கட்டத்தில் புல எண்களை வெளியிடாமல், அகலமான இரண்டு மூன்று மாற்றுப் பட்டைகளை மட்டும் கிராம சபைகளில் காட்டலாம். முடிவெடுக்கும் பொறுப்பு அரசிடமே இருக்கட்டும். விலக்கப்பட்ட பட்டை ஏன் விலக்கப்பட்டது என்பதை மட்டும் எழுத்தில், தமிழில், அந்தந்த ஊராட்சி அலுவலகத்தில் வைக்க வேண்டும்.