யார் படிக்கப் போகிறார்கள் என்று கேட்கும் கடைகள்

கண்புரை அறுவைச் சிகிச்சை முடிந்து கட்டு அவிழ்த்ததும் என் அம்மா கேட்ட முதல் புத்தகம் 'அல்லி அரசாணி மாலை' என்ற நாட்டுப்புறக் கதைப்பாடல். இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் வரவழைத்தேன். தாள் வழவழப்பாகவும் அட்டை அழகாகவும் இருந்தன. உள்ளே எழுத்துகள் கடுகு கடுகாக இருந்தன. அம்மா இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். அதன் பிறகுதான் பல ஆண்டுகளாக எட்டிப் பார்க்காமலிருந்த புதுமண்டபத்துப் புத்தகக் கடைகளைத் தேடிப் போனேன்.

மதுரை மீனாட்சி அம்மன் கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் (ஆட்சிக்காலம் 1623–1659) வசந்த மண்டபமாகக் கட்டியது புதுமண்டபம். சிற்பத் தூண்களுக்கு நடுவே தையல்காரர்களும் வளையல்காரர்களும் பாத்திரக் கடைக்காரர்களும் அமர்ந்திருந்த அந்த மண்டபத்தில், பக்தி நூல்களும் பஞ்சாங்கங்களும் பெரிய எழுத்துக் கதைகளும் விற்கும் கடைகள் பல காலமாக இருந்தன. கடைகள் இப்போது அருகிலுள்ள குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிவிட்டன. கல் மண்டபத்தின் குளிர்ச்சியை மனம் தேடத்தான் செய்கிறது; ஆனால் நான் தேடிப் போன பழக்கம் இடம் மாறியும் மாறவில்லை.

புத்தகத்தின் பெயரைச் சொன்னதும், "யாரும்மா படிக்கப் போறாங்க?" என்று கேட்டார் கடைக்காரர். அம்மாவுக்கு என்றேன். "வாய்விட்டுப் படிப்பாங்களா, மனசுக்குள்ளயா?" என்பது அடுத்த கேள்வி. பிறகு அதே கதையில் இரண்டு பதிப்புகளை எடுத்து, இரண்டிலும் ஒரே இடத்தைப் பிரித்து என் முன்னால் வைத்தார். ஒன்றில் எழுத்து உளுந்தளவு இருந்தது. மற்றொன்று அதைவிடச் சற்றுச் சிறியது, ஆனால் அடிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக நின்றன. ராகம் போட்டுப் படிப்பவர்களுக்கு அடி தவறாமல் இருக்க இரண்டாவதுதான் நல்லது என்றார். எத்தனையோ பெரிய கடைகளில் புத்தகம் வாங்கியிருக்கிறேன். படிப்பவரின் கண்ணையும் குரலையும் விசாரித்துப் புத்தகம் எடுத்துக் கொடுத்தவரை வேறெங்கும் கண்டதில்லை.

இக்கடைகளின் இருப்பு நாட்காட்டியோடு நகர்கிறது. மார்கழிக்குத் திருப்பாவையும் திருவெம்பாவையும், ஐப்பசியில் கந்த சஷ்டி கவசம், சித்திரா பௌர்ணமிக்குச் சித்திரபுத்திர நயினார் கதை என்று அந்தந்த மாதத்துக்கு உரியவை முன்வரிசைக்கு வருகின்றன. மழை வேண்டி மகாபாரதத்தின் விராட பருவத்தை வாசிக்கும் வழக்கமுள்ள கிராமங்களிலிருந்து இன்றும் ஆட்கள் பாரதம் வாங்க வருகிறார்கள். மதுரை வீரன் கதைப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு, கிழக்குக் கோபுரத்தருகே உள்ள அவன் சன்னதிக்கு நடந்தே போய்விடலாம். கதையும் அதன் நாயகனும் இவ்வளவு அருகில் இருக்கும் இன்னொரு கடைத்தெருவை நான் அறியேன்.

குறைகளும் உண்டு. நான் வாங்கிய பதிப்பில் அச்சுப் பிழைகள் மிகுதி. சில இடங்களில் ஓர் அடியே விடுபட்டிருக்கிறது. தாள் மெலிது, பின்னடித்த கட்டு நாளடைவில் விட்டுப்போகும். பதிப்பாளர்கள் ஒருமுறையாவது பழைய பிரதியோடு ஒப்பிட்டுத் திருத்தி வெளியிட்டால் இந்தக் கதைகளுக்குச் செய்யும் பெரிய நன்மையாக இருக்கும். புதிய நாவல், கட்டுரை நூல்களைத் தேடுவோருக்கு இது இடமன்று. அவர்கள் தமுக்கம் மைதானத்தில் நடக்கும் புத்தகத் திருவிழாவுக்குக் காத்திருக்கலாம்.

போகிறவர்கள் காலையில் போவது நல்லது. மாலையில் கோயில் கூட்டம் கூடிவிட்டால் கடைக்காரரோடு நின்று பேச நேரம் கிடைக்காது. முதியவர்களுக்கு வாங்குவதாக இருந்தால், முடிந்தால் அவர்களையே அழைத்துச் சென்று ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லி வாங்குங்கள்.

அம்மா இப்போது மாலை விளக்கேற்றியபின் நாளுக்கு நாலு பக்கம் படிக்கிறார். விடுபட்ட அடிகள் வரும் இடத்தில் நிற்பதில்லை. அவை அவருக்கு மனப்பாடம். நயினார் கதை பங்குனிக் கடைசியில் வந்துவிடும் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். எங்களுக்கு ஒரு பிரதி எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.