கூண்டா, கத்தியா, மாக்மாவா: ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ் கோட்டை வாசலில் எந்தப் பொறி?

டார்ன் ஆடம்ஸ், சாக் ஆடம்ஸ் சகோதரர்கள் 2006-இல் வெளியிட்ட, குள்ளர்களைக் கொண்டு கோட்டை கட்டிக் காக்கும் கணினி ஆட்டமான ‘ட்வார்ஃப் ஃபோர்ட்ரெஸ்’, 2022 டிசம்பரில் ஸ்டீம் என்ற இணைய ஆட்டக் கடைக்கு வந்த பிறகு புதிதாக நிறையப் பேரை ஈர்த்திருக்கிறது. அவர்களில் பலரும் முதல் முற்றுகையில் கோட்டையை இழந்த கையோடு கேட்கும் கேள்வி, எந்தப் பொறி அதிகம் கொல்லும் என்பதுதான். கேள்வி இயல்பானதே, ஆனால் பொறிகளை ஒப்பிட அது நல்ல அளவுகோல் அல்ல. முதல் அலை ஓய்ந்த பிறகு நுழைவு வழியில் எத்தனை பொறிகள் இன்னும் வேலை செய்யும், வேலை செய்யாதவற்றைச் சரிசெய்ய எந்தக் குள்ளர் எப்போது வெளியே போக வேண்டியிருக்கும் என்ற கணக்கை வைத்துத்தான் நான் பொறிகளை எடைபோடுகிறேன். முற்றுகையின் நடுவில் கதவைத் தாண்டிப் போகும் மெக்கானிக், அதாவது பொறிகளைக் கவனிக்கும் குள்ளர், பெரும்பாலும் திரும்பி வருவதில்லை.

கல் விழும் பொறியை இந்த அளவுகோலில் வைத்தால் அது உடனே தோற்றுவிடும். பொறியை இயக்கும் மெக்கானிசம் ஒன்று, ஒரு கல் இவ்வளவுதான் செலவு. சுரங்கம் வெட்டினாலே கல் குவிந்து கிடக்கும் என்பதால் ஏறக்குறைய இலவசம். ஆனால் ஒரு முறை விழுந்தால் யாராவது வந்து மீண்டும் கல் ஏற்றும்வரை அது வெறும் தரை. கோட்டையைத் தாக்க வரும் பகை இனமான காப்ளின்களின் கவசம் அணிந்த படையை அது நிறுத்தாது. முதல் ஆண்டில், படையும் உலோகமும் இல்லாத நிலையில், தனியாக வரும் காட்டு விலங்குகளுக்காக நான்கைந்து வைக்கலாம். அதற்கு மேல் இதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

உண்மையான போட்டி கூண்டுப் பொறிக்கும் ஆயுதப் பொறிக்கும் இடையேதான். கூண்டுப் பொறிக்கு ஒரு மெக்கானிசமும் ஒரு கூண்டும் போதும். கூண்டு மரத்தில் செய்ததாகவே இருக்கலாம். உள்ளே சிக்கியது காப்ளினா, முரட்டு ராட்சதனான ட்ரோலா, டிராகனா என்ற வேறுபாடு அதற்குக் கிடையாது. ஒரு கட்டை மரத்தில் தச்சர் அடித்த கூண்டு டிராகனையே அடக்கி வைப்பது இந்த ஆட்டத்தின் நியாயமற்ற சலுகைகளில் ஒன்று. அதனாலேயே சில பழைய ஆட்டக்காரர்கள் கூண்டுப் பொறியைத் தமக்குத் தாமே தடைசெய்துகொள்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. சிக்கிய எதிரி கவசத்தோடும் ஆயுதத்தோடும் முழுதாகக் கிடைப்பதால் அவனிடமிருந்து உலோகத்தைப் பறிக்கலாம். ஆயுதம் பறித்த பின் அவனையே திறந்துவிட்டுப் புதிய வீரர்களுக்குப் பயிற்சி கொடுக்கலாம். காட்டு விலங்காக இருந்தால் பழக்கலாம். வேறெந்தப் பொறியும் இப்படித் திருப்பிக் கொடுப்பதில்லை.

அதன் பலவீனம் எண்ணிக்கையில் இருக்கிறது. ஒரு கூண்டுக்கு ஒரு எதிரி. நாற்பது பேர் கொண்ட படைக்கு முன்னால் இருபது கூண்டுகள் வைத்தால், இருபத்தொன்றாவது ஆள் திறந்த வழியில் நடந்து வருவான். நிரம்பிய கூண்டை அகற்றி, கிடங்கிலிருந்து புதிய கூண்டைச் சுமந்து வந்து பொருத்தும்வரை அந்தத் தரைக் கட்டம் செத்ததுதான். ஆகவே கூண்டு வரிசையை நம்புகிறவர், எதிர்பார்க்கும் படையின் அளவுக்கு மேல் பொறிகள் வைத்திருக்க வேண்டும், கிடங்கிலும் காலிக் கூண்டுகளைக் குவித்திருக்க வேண்டும். மரம் குறைவான நிலத்தில் இது எளிதல்ல.

ஆயுதப் பொறியில் ஒரு மெக்கானிசத்தோடு பத்து ஆயுதங்கள் வரை ஏற்றலாம். முந்தைய முற்றுகையில் கிடைத்த துருப்பிடித்த வாள்களை ஏற்றுகிறவர்களும் உண்டு. இரும்பிலோ எஃகிலோ செய்த பல்சக்கரத் தகடுகளை ஏற்றுகிறவர்களும் உண்டு. இரண்டும் ஒன்றல்ல. தகடு ஒவ்வொன்றும் ஒரு முறை இயங்கும்போது மூன்று வெட்டு வெட்டும் என்பதால், பத்துத் தகடு ஏற்றிய ஒரே கட்டம் முப்பது வெட்டுகளைத் தருகிறது. அதே இடத்தில் ராட்சதக் கோடரி அலகுகள் பத்து வெட்டுகளே தரும். மெக்கானிசத்தின் தரமும் இங்கே முக்கியம். கை தேர்ந்த மெக்கானிக் செய்தது குறி தவறுவது குறைவு. கல் பொறியைப் போலவோ கூண்டைப் போலவோ இதை ஒவ்வொரு முறையும் நிரப்ப வேண்டியதில்லை என்பதால், காகிதத்தில் இதுவே வெற்றி பெறும்.

களத்தில் நடப்பது வேறு. மூன்று கட்ட அகலமுள்ள வழியில் நீள வரிசையாக ஆயுதப் பொறிகள் வைத்திருப்பதாகக் கொள்ளுங்கள். முதலில் வரும் காப்ளின் முதல் பொறியிலேயே துண்டாகிறான். அவன் உடல் அலகுகளுக்கிடையே சிக்கி, அந்தப் பொறி அடைத்துக்கொள்கிறது. அடுத்தவன் அந்த உடலின் மேல் மிதித்து, ஒரு கீறலும் இல்லாமல் கடந்து இரண்டாவது பொறியில் விழுகிறான். இப்படி ஒவ்வொரு கொலையும் ஒரு பொறியை முடக்கக்கூடும். அடைப்பு நிச்சயமல்ல, வாய்ப்புதான்; ஆனால் படை பெரிதாகப் பெரிதாக அந்த வாய்ப்பு உறுதியை நெருங்குகிறது. மெக்கானிக் வந்து துப்புரவு செய்தால்தான் பொறி மறுபடி உயிர்பெறும், அவரோ எதிரி வில்லாளிகள் இன்னும் வாசலில் நிற்கும்போதே அந்த வேலைக்குக் கிளம்பிவிடுவார். வாசலைப் பூட்டி வைக்காதவர் மெக்கானிக்கை இழப்பார்.

இன்னொரு வேறுபாடும் அலசலில் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது. குடிமக்கள் பொறியின் மேல் சாதாரணமாக நடந்தால் அது இயங்காது. ஆனால் அடிபட்டு மயங்கி அதன் மேல் விழுந்தால் இயங்கும். கூண்டில் விழுந்த சொந்த வீரரைத் திறந்துவிட்டு மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லலாம். பத்துத் தகடுகளின் மேல் விழுந்தவருக்குச் சவப்பெட்டிதான். ஆகவே, படை நின்று சண்டையிடும் இடத்தை ஒட்டிக் கூண்டும், படை ஒருபோதும் போகாத வெளி வழியில் கத்தியும் என்று பிரித்துக்கொள்வதே என் முறை. பிணங்களை எழுப்பும் மந்திரவாதிகளான நெக்ரோமேன்சர்கள் வரும் நிலத்தில் கத்தியை முற்றாகத் தவிர்ப்பேன். வெட்டுண்ட கையும் தலையும் தனித்தனியே எழுந்து வரும் இடத்தில், எதிரியைத் துண்டாக்குவது எதிரியைப் பெருக்குவதாகும்.

இந்த மூன்று பொறிகளுக்கும் பொதுவான ஓட்டை ஒன்று உண்டு. திருட வரும் கோபால்டுகளும், குகை ஆழத்திலிருந்து ஏறி வரும் ஃபர்காட்டன் பீஸ்டுகளும், டைட்டன்களும் பொறியை இயக்காமலே கடந்துவிடுவார்கள். சிலந்தி வலையில் சிக்கியவர்களுக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது; எனவே கூண்டுப் பொறிகளின் மேல் வலை பின்னவைத்து ராட்சத மிருகங்களைப் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வலை பின்னும் ராட்சதச் சிலந்தியை உயிரோடு பிடித்துப் பாதுகாப்பாக வைப்பதே பெரிய திட்டம் என்பதால், இதைப் பொதுப் பரிந்துரையாகச் சொல்ல முடியாது.

லீவரால் இயங்கும் செங்குத்து ஈட்டிகள் இந்த ஓட்டையை அடைக்கின்றன. யார் மிதித்தார் என்று அவை பார்ப்பதில்லை. லீவர் அசைந்தால் அந்தக் கட்டத்தில் நிற்கும் யாரையும் குத்தும். உடல் சிக்கி அடைத்துக்கொள்வதும் இல்லை. ஒரு குள்ளரை உள்ளே பத்திரமாக உட்காரவைத்து லீவரை ஓயாமல் இழுக்கச் சொன்னால், வெளியே யாரும் போகாமலே வழி முழுவதும் குத்திக்கொண்டிருக்கும். விலை அதிகம்: லீவருக்கு ஒரு மெக்கானிசம், இணைக்கும் ஒவ்வொரு ஈட்டிக் கட்டத்துக்கும் இரண்டிரண்டு. சொந்தக் குடிமக்களையும் அது விடாது என்பதால், லீவரை இழுக்கும் முன் வழியில் மீன் பிடிக்கப் போனவர் யாரும் திரும்பி வருகிறாரா என்று பார்ப்பது நல்லது. முதலீட்டுக்கு மெக்கானிசம் இருந்தால், ஆயுதப் பொறிகளைவிட இதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

தண்ணீரும் எரிமலைக் குழம்பான மாக்மாவும் பொறி என்பதைவிடக் கட்டுமானம் என்றே சொல்ல வேண்டும். படையை ஒரு நீண்ட அறைக்குள் விட்டு, இருபுறமும் அடைத்து, மதகைத் திறப்பது. அடைப்புக்குக் கதவு உதவாது. கூட வரும் ட்ரோல்கள் கதவையும் மதகையும் உடைத்துவிடும். தூக்கி நிறுத்திய பாலத்தை அவற்றால் உடைக்க முடியாது என்பதால் இரு முனைகளிலும் பாலமே சரி. தண்ணீர் மலிவு, ஆனால் மூச்சுவிடாத பிணங்கள் அதில் மூழ்கிச் சாவதில்லை. குளிர் நிலத்தில் தண்ணீர் உறைந்துபோகும். மாக்மாவுக்கு அந்தக் கவலை இல்லை. மதகும் மெக்கானிசமும் இரும்பு, எஃகு போன்ற தாங்கும் பொருளில் இருந்தால் போதும். கொள்ளையில்தான் வேறுபாடு தெரியும். ஆட்டத்தின் வெப்ப அளவில் மாக்மா 12,000. செம்பு 11,952-இலேயே உருகிவிடும், இரும்பு உருக 12,768 வேண்டும். ஆகவே மாக்மா அறையைத் திறந்து வடித்த பின் இரும்புக் கவசங்கள் கிடக்கும், துணியும் செம்பும் போயிருக்கும். தண்ணீரில் எல்லாமே மிஞ்சும்.

தாழும் பாலத்தின் அடியில் நிற்பவரை நசுக்கும் வித்தை இவை எல்லாவற்றையும்விட எளிது, பிணத்தைக்கூட மிச்சம் வைக்காது. ஆனால் லீவரை இழுத்தபின் பாலம் அசையச் சற்று நேரம் பிடிக்கும். மிகப் பெரிய உருவங்களுக்கு முன் பாலமே தோற்றுப்போகும். கொள்ளையும் இல்லை. அடைப்புக்கு வேண்டியது என்று வைத்துக்கொண்டு, கொல்லும் வேலையை மற்றவற்றுக்கு விடலாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் வணிக வண்டிகளை மறக்கக் கூடாது. அவற்றுக்கு மூன்று கட்ட அகல வழி வேண்டும். பொறி உள்ள கட்டத்தின் மேல் அவை ஏறா. வாசல் முழுவதும் பொறி நிரப்பியவர் கோட்டைக்கு வண்டிகள் வராமல் கழுதைகள் மட்டும் வருவதைப் பார்த்துக் குழம்புவார். வண்டிக்கு அகலமான நேர் வழி ஒன்று, அதன் வாயில் பாலம். அருகிலேயே ஒரு கட்ட அகலத்தில் வளைந்து வளைந்து செல்லும் பொறி வழி ஒன்று. முற்றுகை அறிவிப்பு வந்ததும் பாலத்தைத் தூக்கிவிட்டால், திறந்திருக்கும் வழியைத் தேடும் படை தானாகவே வளைவுப் பாதையில் நுழையும். அதில் வெளிமுனையில் ஈட்டிகள், நடுவில் கையிருப்பு அனுமதிக்கும் அளவுக்குக் கூண்டுகள், உள்முனையில் இன்னொரு பாலம். அந்த உள்முனைப் பாலத்தின் லீவரைச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். அங்கேதான் எந்த நேரமும் சும்மா இருக்கும் ஒரு குள்ளர் கிடைப்பார்.