5 ப்ளை பெட்டியா, 3 ப்ளையில் அறைத் தடுப்பா?

கண்ணாடிக் குப்பி, பீங்கான் கோப்பை அனுப்புகிறவர்கள் தடுமாறும் இடம் இது: தடித்த 5 ப்ளை (ஐந்து தாள் அடுக்கு) அட்டைப் பெட்டியில் தாளைக் கசக்கி அடைப்பதா, 3 ப்ளை பெட்டிக்குள் குறுக்கும் நெடுக்குமாக அட்டைத் தடுப்பு வைப்பதா?

செலவு: 5 ப்ளையில் அட்டையும் எடையும் கூடும்.
தடுப்பில் கைவேலை கூடும்.

அடுக்கும் பலம்: இதில் 5 ப்ளைதான் முந்தும். மேலே ஏறும் பாரத்தைப் பெரும்பாலும் பெட்டியின் மூலைகள்தான் தாங்கும், சுவரின் நடுப்பகுதி பிதுங்கிவிடும். ஆனால் தடுப்பைப் பெட்டியின் உள் உயரத்துக்குச் சரியாக வெட்டி, அட்டையின் நெளிவுகள் (உள்ளே அலை அலையாக இருக்கும் தாள்) செங்குத்தாக நிற்கும்படி வைத்துப் பாருங்கள், அதுவும் தூண் மாதிரி பாரம் வாங்கும். நெளிவு படுக்கையாக இருந்தால் சீக்கிரம் மடங்கும்.

குலுக்கல்: சந்தேகமே வேண்டாம், தடுப்புதான். குப்பிகள் ஒன்றோடொன்று மோதாது. தாள் போகிற வழியிலேயே அமுங்கி இடம் விட்டுவிடும், அப்புறம் பெட்டி எவ்வளவு தடிமனாக இருந்து என்ன பயன்?

தடுப்புப் பட்டைகளை வெட்டும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒவ்வொரு பட்டையிலும் பாதி உயரத்துக்குப் பிளவு, அகலம் அட்டையின் தடிமனை விட ஒரு மயிரிழை கூடுதல். இறுக்கமாக வெட்டினால் செருகும்போது நெளிவு நசுங்கிவிடும்.

ஈரம்: இரண்டுமே தளரும்.

புத்தகம், இரும்புச் சாமான் என்றால் 5 ப்ளை போதும். உடையும் பொருள் பல இருந்தால் தடுப்பு. கனமும் உண்டு, உடையவும் உடையும், உயரமாக அடுக்கவும் போகிறார்கள் என்றால் 5 ப்ளைக்குள்ளேயே தடுப்பு வையுங்கள்.